போர் வேட்டுப் போனவர்கள்

வாசகர் கேள்வி – பதில்

இம்முறை வந்த கடிதங்களுள் பெரும்பாலானவை ஒரே பொருளைப் பற்றியவை. அதற்குக் காரணமானவர் களுவாஞ்சிக்குடியைச் சேர்ந்த ஓர் இளம் வாசகர். தாம் எழுதிக்கொண்டிருக்கும் நாவலின் சுருக்கத்தைச் சென்ற இதழின் கடிதப் பகுதிக்கு அனுப்பி, மற்ற வாசகர்களின் கருத்தைக் கேட்டிருந்தார். பெரிய வாவி ஒன்றின் கரையில் ‘செருவர்’ என்ற கற்பனைக் குடியினர் வாழ்கிறார்கள். ஒவ்வோர் ஆண்டும் அறுவடை முடிந்தவுடன், அவ்வாண்டில் இருபது வயது நிரம்பிய இளைஞர்கள் போரைத் தேடிப் புறப்படுகிறார்கள். மார்பில் புண்பட்டுத் திரும்புகிறவனை ஊர் ஆண்மகனாக ஏற்கிறது. போர் கிடைக்காதவன் திரும்புவதேயில்லை. சுருக்கம் இவ்வளவுதான். இதைப் பற்றி வந்த கேள்விகளே இப்பகுதிக்குப் போதுமானவையாக இருப்பதால், கச்சான் செய்கை பற்றிக் கேட்ட வாகரை வாசகர் அடுத்த இதழ் வரை பொறுத்தருள வேண்டும். கேட்டவர்களின் ஊர்ப்பெயரை மட்டும் தந்திருக்கிறேன்.

கேள்வி: இப்படியொரு குடி இருந்திருக்கவே முடியாது, மூன்று தலைமுறைக்குள் அழிந்துபோயிருக்கும் என்று என் நண்பர்கள் சிரிக்கிறார்கள். பகையோ ஆதாயமோ இல்லாமல் போரை மட்டுமே விரும்பித் தேடிச் செல்லும் வழக்கத்துக்கு நம் இலக்கியத்தில் ஆதாரம் உண்டா? (களுவாஞ்சிக்குடி)

பதில்: உண்டு, தம்பி. அதுவும் ஓரத்தில் எங்கோ ஒரு பாட்டில் அல்ல, இலக்கணத்தின் நடுவிலேயே இருக்கிறது. தொல்காப்பியப் புறத்திணையியல் போரை அதன் நோக்கத்தைக் கொண்டே பிரிக்கிறது. வெட்சிக்கு நோக்கம் ஆநிரை, வஞ்சிக்கு மண், உழிஞைக்கு அரண். நான்காவதாக வரும் தும்பைக்கு இவற்றுள் ஒன்றும் நோக்கமாகக் கூறப்படவில்லை. “மைந்து பொருளாக வந்த வேந்தனைச் சென்று தலையழிக்கும் சிறப்பிற்று” என்பது நூற்பா. மைந்து என்பது வலிமை. மாடும் வேண்டாம், மண்ணும் வேண்டாம், யார் வலியவர் என்று தெரிந்தாக வேண்டும் என்பதற்காகவே நிகழும் போருக்கு இலக்கண நூல் தனித்திணை ஒன்றை வகுத்து, அதற்கு ஒரு வெள்ளைப் பூவின் பெயரையும் சூட்டியிருக்கிறது. உங்கள் செருவர் தும்பைக் குடியினர்.

இன்னொன்றையும் கவனியுங்கள். தும்பை நெய்தலுக்குப் புறம் என்கிறார் தொல்காப்பியர். மலையும் காடும் கழனியும் அல்லாத, மணல் பரந்த வெட்டவெளியே இத்தகைய போருக்கு ஏற்ற களம் என்றும், நெய்தலுக்குரிய பொழுதான எற்பாடும் அதன் உரிப்பொருளான இரங்கலும் போருக்கும் பொருந்தும் என்றும் உரை விளக்குகிறது. வாவிக்கரையில் குடியிருத்திய நீங்கள் இதை அறிந்து செய்தீர்களோ அறியாமல் செய்தீர்களோ, பொருத்தமாகத்தான் செய்திருக்கிறீர்கள். திருக்கோவில் ஊர்ப் பக்கத்துக் கடற்கரை மணலில் மாலைப்பொழுதில் நின்று பார்த்தவர்களுக்கு அந்த உரைக்கு மேல் விளக்கம் தேவைப்படாது.

மனநிலைக்கும் சான்று உண்டு. “போர் எனின் புகலும் புனைகழல் மறவர்” என்று நலங்கிள்ளியின் வீரர்களைக் கோவூர்கிழார் பாடுகிறார் (புறநானூறு 31). புகலுதல் என்றால் விரும்புதல். பகைவரின் நாடு வெகு தொலைவில் இருக்கிறது, இடையில் காடு கிடக்கிறது, ஆகையால் போகமாட்டோம் என்று அவர்கள் சொல்வதில்லையாம். திருக்குறளின் படைச்செருக்கு அதிகாரம் ஒரு படி மேலே போகிறது. விழுப்புண் படாத நாள்களையெல்லாம் வீணாய்க் கழிந்த நாள்களாக எண்ணிக் கழித்துவிடுவான் என்கிறது 776ஆம் குறள். அரசனே சினந்து தடுத்தாலும் ஊக்கம் குன்றாத மறவரைச் சொல்கிறது 778ஆம் குறள். உங்கள் நாவலின் மார்புப் புண்ணுக்கு இவ்விரண்டையும் விடப் பழைய சாட்சி எதற்கு?

ஆயினும் உங்கள் நண்பர்களின் சிரிப்பிலும் நியாயம் இருக்கிறது. ‘வந்த வேந்தனைச் சென்று’ என்ற தொடரை மறுபடி படியுங்கள். ஒருவன் வருகிறான், மற்றவன் எதிர்சென்று சந்திக்கிறான். இருவரும் ஒன்றையே விரும்பினால்தான் தும்பை நடக்கும். உங்கள் இளைஞர்கள் புறப்படுகிறார்கள்; எதிரே வருகிறவர் யார்? உழுதுகொண்டிருக்கும் அயல் ஊரார்மீது அவர்கள் பாய்ந்தால் அதற்குப் பெயர் கொள்ளை, மார்பில் எத்தனை புண் இருந்தாலும். முயலைக் கொன்ற அம்பை ஏந்துவதைவிட யானைக்குக் குறிவைத்துத் தவறிய வேலை ஏந்துவதே இனிது என்று அதே அதிகாரத்தின் 772ஆம் குறள் சொல்வதை உங்கள் குடியினர் சட்டமாகவே வைத்திருக்க வேண்டும். தகுதியான எதிரி கிடைப்பது அரிது. அரிது என்பதனால்தான் தேட வேண்டியிருக்கிறது. இதை நீங்கள் எழுதவில்லை. எழுதினால் நாவலின் பாதிச் சிக்கல் தீரும்.

மீதிச் சிக்கல் வெள்ளாமையில் இருக்கிறது. பெரும்போக அறுவடை மாசி, பங்குனியில் முடிகிறது. உங்கள் செருவர் குளத்துப் பாய்ச்சலை நம்பியவர்களானால் சித்திரையில் சிறுபோகத்துக்கு வயலில் இறங்கியாக வேண்டும்; இளைஞர்களுக்குக் கிடைக்கும் காலம் ஒன்றரை மாதந்தான். மழையை மட்டும் நம்பிய முன்மாரிக் காரர்களானால் ஆவணி, புரட்டாசி வரை வயலில் வேலையில்லை, அரை வருடம் அலையலாம். இரண்டில் எது என்பதை முதல் அத்தியாயத்திலேயே முடிவுசெய்யுங்கள். அவர்கள் எவ்வளவு தூரம் போவார்கள், கட்டுச்சோறு எத்தனை நாளைக்கு வரும், எந்த மாதத்தில் தாய்மார் வழிபார்க்கத் தொடங்குவார்கள் என்பனவெல்லாம் அதிலிருந்து தாமாகவே வரும். போர்வீரர் கதை எழுதுகிறவர்கள் வாளின் நீளத்தை எழுதுவார்கள், நெல்லை மறந்துவிடுவார்கள்.

கேள்வி: நாவலாசிரியர் இவ்வழக்கத்துக்குப் ‘போர்த்தேடல்’ என்று பெயரிட்டிருக்கிறார். படிக்கும்போது வேற்றுமொழிச் சொல்லைத் தமிழாக்கியது போல ஒலிக்கிறது. வேறு சொல் இல்லையா? (ஏறாவூர், ஓர் ஆசிரியை)

பதில்: தங்கள் செவி சரியாகவே கேட்டிருக்கிறது. ‘வேட்டல்’ என்ற சொல் கையருகே இருக்கிறது. வேட்டல் என்றால் விரும்புதல், வேள்வி செய்தலும் வேட்டல்தான், மணம்புரிதலும் வேட்டல்தான். மூன்று பொருளும் ஒரே வினையில் அடங்குகின்றன. தலையாலங்கானத்துச் செருவென்ற நெடுஞ்செழியனை மாங்குடிகிழார் “அடுகளம் வேட்ட அடுபோர்ச் செழிய” என்று விளிக்கும் பாட்டில் (புறநானூறு 26), முடித்தலைகளே அடுப்பாக, குருதியே உலைநீராக, தொடியணிந்த தோள்களே துடுப்பாகப் போர்க்களத்தில் ஒரு பெருஞ்சமையல் நடக்கிறது. அது விருப்பமா, வேள்வியா என்று அந்த ‘வேட்ட’ பிரித்துச் சொல்வதில்லை. சொல்லாமல் விட்டதில்தான் அதன் பயங்கரம் இருக்கிறது. ‘போர்வேட்டல்’ என்று பெயரிட்டால், செருவரின் வழக்கம் ஒரே நேரத்தில் ஆசையாகவும் சடங்காகவும், மணம் முடிக்கும் தகுதியாகவும் ஆகிவிடும்.

சொல்லைப் பற்றிப் பேசுவதால் ஒன்று கூடுதலாக. நெற்கதிர்க் குவியலுக்கும் போர் என்ற பெயர் தமிழில் உண்டு. வைக்கோற்போர் என்பதை எல்லாரும் அறிவர். ஏரோர் களவழியையும் தேரோர் களவழியையும் வாகைத்திணையில் தொல்காப்பியர் அருகருகே வைத்ததற்கு, நெற்களமும் போர்க்களமும் பழந்தமிழர் கண்ணுக்கு ஒன்றையொன்று நினைவூட்டியது காரணமாக இருக்கலாம். நம் பக்கத்தில் அந்தக் குவியலைச் சூடு என்கிறோம், சூடு மிதித்தோம் என்கிறோம். கதைக்கு அதுவும் உதவாமற் போகாது.

கேள்வி: என் மகன் பார்க்கும் வெளிநாட்டு விண்வெளித் தொடர் ஒன்றிலும் இப்படிப் போருக்கென்றே வாழும் கூட்டத்தார் வருகிறார்கள். தம்பி அங்கிருந்து எடுத்திருப்பாரோ? (மட்டக்களப்பு நகர்)

பதில்: தாங்கள் சொல்வது ஸ்டார் ட்ரெக் தொடரில் வரும் கிளிங்கான்களாக இருக்க வேண்டும். அத்தொடர் அமெரிக்கத் தொலைக்காட்சியில் 1966இல் தொடங்கியது. கிளிங்கான்கள் 1967இல் அதில் வெறும் வில்லன்களாகவே நுழைந்தார்கள். 1987இல் தொடங்கிய அடுத்த தொடரில்தான் அவர்களுக்குக் குலப்பெருமை, சடங்கு, ஒருவனின் அவமானம் குடும்பம் முழுவதையும் தொடர்தல், மானத்தோடு மாண்ட மறவர்க்கென ஒரு மறுவுலகம் ஆகியவை வளர்த்துச் சேர்க்கப்பட்டன. மார்க் ஓக்ராண்ட் என்ற மொழியியலாளர் அவர்களுக்கென ஒரு மொழியையே உருவாக்கி, 1985இல் அதற்கு அகராதியும் வெளியிட்டார். கட்டுப்பாடுகள் வந்தபின்பே அவர்கள் ஒரு குடியினராகத் தோன்றினார்கள் என்பது நம் தம்பி கற்க வேண்டிய பாடம். எடுத்தாரா என்பதற்கு விடை அவரிடம்தான் இருக்கிறது. எடுத்திருந்தாலும் குற்றமில்லை.

போரில் மாண்டவர்க்கே மேலான உலகம் என்ற எண்ணம் ஒருவருக்கு மட்டும் சொந்தமானதன்று. வட ஐரோப்பியரின் பழங்கதைகளில் அது வல்ஹல்லா என்ற மண்டபம். நம்மிடத்திலோ அதற்கு இன்னும் கடுமையான வடிவம் உண்டு. அதியமான் நெடுமான் அஞ்சி போரில் புண்பட்டு நின்றபோது ஔவையார் பாடிய பாட்டில் (புறநானூறு 93), நோயுற்றுப் படுக்கையில் இறந்த அரசரின் உடலைத் தருப்பைப்புல்லின்மேல் கிடத்தி, நல்ல போரில் வீழ்ந்த மறவர் செல்லும் இடத்துக்கே இவரும் செல்க என்று வாளால் பிளந்து அடக்கம் செய்யும் வழக்கம் சொல்லப்படுகிறது. படுக்கையில் இறந்த குற்றம் நீங்க வேண்டும் என்பதற்காகப் பிணத்துக்கும் ஒரு புண்! விண்வெளிக் கதைக்காரர்கள் இதை அறிந்திருந்தால் விட்டிருக்கமாட்டார்கள்.

கேள்வி: போருக்குப் போர் என்று எழுதிக்கொண்டே போனால் நாவல் முழுவதும் பிணமாகக் கிடக்கும். எதிர்ப்பும் இருக்க வேண்டும், உயிரிழப்பும் குறைவாக இருக்க வேண்டும் என்றால் என்ன செய்யலாம்? (பாண்டிருப்பு)

பதில்: இக்கேள்வியைத்தான் எதிர்பார்த்துக்கொண்டிருந்தேன். பாண்டிருப்பிலிருந்து வந்ததில் வியப்பில்லை. திரௌபதை அம்மன் கோயிற் சடங்கில் பதினெட்டு நாள்களும் பாரதத்தையே வாழ்ந்து காட்டி, வனவாசம் போய், தவநிலை கண்டு, தீமிதித்து முடிக்கிற ஊர் அல்லவா.

விடை நம் ஊர்களிலேயே இருந்திருக்கிறது: கொம்புமுறி. இளைய வாசகர் பலர் இதைக் கண்டிருக்கமாட்டார்கள் என்பதால் சற்று விரித்துச் சொல்கிறேன். ஊர் வடசேரி, தென்சேரி என்று இரண்டு வாரியாகப் பிரிகிறது. வடசேரி கோவலன் கட்சி, தென்சேரி கண்ணகி கட்சி. வளைந்த வைரமான இரண்டு மரக்கொம்புகளை ஒன்றோடொன்று கொளுவி, கயிறுகளால் வரிந்து கட்டி, ஒவ்வொரு வாரியும் தன் பக்கமாக இழுக்கிறது. எவருடைய கொம்பு முறிகிறதோ அவர் தோற்றவர். வென்றவர் பாட்டுக்கட்டி ஏசுவார்கள், தோற்றவர் அடுத்த கொம்பைத் தேடுவார்கள். மழை பொய்த்தாலும் கொள்ளைநோய் வந்தாலும் கண்ணகைத் தாயை மகிழ்விப்பதற்காக இது ஆடப்பட்டது. சிங்கள மக்களிடத்தில் பத்தினித் தெய்வத்துக்காக ஆடப்படும் அங்கெலியவும் இதே விளையாட்டுத்தான்.

இதில் போருக்குரிய எல்லாமே இருக்கின்றன. பிறப்பால் வந்த கட்சி இருக்கிறது, கொம்புக்கு மரம் தேடிக் காட்டுக்குப் போகும் பயணம் இருக்கிறது, எதிரியின் கொம்பை உளவு பார்ப்பதற்கு இடம் இருக்கிறது, சடங்கு இருக்கிறது, வசை இருக்கிறது, முறிவு இருக்கிறது. முறிவது மரம். ஊர் தனக்குள்ளேயே எதிரியை உண்டாக்கி வைத்துக்கொண்டது. அந்த எதிரி இல்லாவிட்டால் கண்ணகையை மகிழ்விக்க முடியாது என்பதால், அவன் நலமாக இருக்க வேண்டியதும் அவசியமாயிற்று. செருவரின் வாவிக்கும் கிழக்கே எழுவான்கரை, மேற்கே படுவான்கரை என்று இரண்டு கரைகள் இருக்கும் அல்லவா? எழுவான்கரைச் செருவருக்குத் தகுதியான எதிரி உலகில் ஒருவர்தான் உண்டு, அவர் படுவான்கரைச் செருவர் என்று வைத்துப் பாருங்கள். தேடல் முழுவதும் நடக்கட்டும். காடு, கடல், வேற்றூர் எல்லாம் அலையட்டும். கடைசியில் தேடிய எதிரி தோணித்துறையின் அக்கரையில் நிற்கட்டும்.

இப்படி வைத்தால் ஒரு துயரமும் கூடவே வரும், அதையும் மறைக்க வேண்டாம். சோழர் குடியின் நலங்கிள்ளியும் நெடுங்கிள்ளியும் மோதியபோது கோவூர்கிழார் இருவருக்கும் நடுவே நின்று பாடினார் (புறநானூறு 45): உன் எதிரி பனம்பூச் சூடிய சேரனும் அல்லன், வேம்பு சூடிய பாண்டியனும் அல்லன், உன் கண்ணியும் ஆத்தி, அவன் கண்ணியும் ஆத்தி, “ஒருவீர் தோற்பினும் தோற்ப நும் குடியே”. சற்றுமுன் நலங்கிள்ளியின் மறவர் போரை விரும்பிப் புகுவதைப் பாடினாரே, அவரும் இந்தக் கோவூர்கிழாரே. ஒரே புலவர் இரண்டையும் பாடியிருக்கிறார்.

கேள்வி: போர்க்காட்சிகளை எவ்வளவு நீளமாக எழுதலாம்? (கல்லாறு)

பதில்: வடமோடிக் கூத்தைப் பாருங்கள். களரியில் இரண்டு அரசர்கள் வில்லும் வாளுமாக எதிர்நிற்கும்போது அண்ணாவியாரின் மத்தளம் எவ்வளவு நேரம் முழங்குகிறது, அதில் அடித்துக்கொள்வது எவ்வளவு நேரம்? பெரும்பகுதி வரவும், ஆட்டமும், ஒருவரையொருவர் இகழ்ந்து பாடும் தருவுந்தான். சபை விழித்திருப்பது அந்தத் தர்க்கத்துக்காகவே. தன் வீரத்தைத் தானே எடுத்துரைப்பதை ‘நெடுமொழி தன்னொடு புணர்த்தல்’ என்று ஒரு துறையாகவே தொல்காப்பியம் வைத்திருக்கிறது. ஆகவே வெட்டுக்கு ஒரு பக்கம், பேச்சுக்குப் பத்துப் பக்கம்.

கேள்வி: நாவலின் சுருக்கத்தில் ஒரு பெண்கூட இல்லையே? (வாழைச்சேனை)

பதில்: நானும் கவனித்தேன். வழிபார்க்கும் தாய் என்று நான் மேலே எழுதியதுகூட என் சேர்க்கைதான். தம்பி அவசரப்பட்டு, மகனை வாழ்த்தி அனுப்பும் வீரத்தாய் ஒருத்தியைக் கதைக்குள் கொண்டுவந்துவிடக் கூடாது என்பதற்காக, அத்தகைய தாயைப் பாடிய ஒக்கூர் மாசாத்தியாரின் பாட்டை (புறநானூறு 279) எப்படிப் படிக்க வேண்டும் என்று சொல்கிறேன். முன்னொரு நாள் போரில் ஒருவன் யானையைக் கொன்று தானும் களத்தில் மாய்ந்தான். நேற்றைய போரில் இவள் கணவன் ஆநிரையை மீட்கப்போய் அங்கேயே பட்டான். இன்றும் பறை ஒலிக்கிறது. ஒரே மகன். அவன் கையில் வேலைக் கொடுத்து, வெள்ளாடை உடுத்தி, பரந்து கிடந்த குடுமிக்கு எண்ணெய் தடவி, போர்முகம் நோக்கிப் போ என்று விடுகிறாள்.

பாட்டு “கெடுக சிந்தை; கடிதிவள் துணிவே” என்று தொடங்குகிறது. பாடுகிறவருக்கே நெஞ்சு பதறுகிறது. மேடைகளில் இப்பாட்டைச் சொல்கிறவர்கள் துணிவை மட்டும் சொல்லி, கெடுக சிந்தை என்பதை வேகமாகக் கடந்துவிடுகிறார்கள். ‘விருப்புற்று மயங்கி’ என்று அவள் நிலையைச் சொல்லும் இரண்டு சொற்களும் ஒன்றோடொன்று ஒத்துப்போகாதவை. போரை வேட்கும் குடியில் பிறந்த பெண்ணின் விருப்பமும் அவளுடைய மயக்கமும் ஒரே கணத்தில் வருகின்றன. எண்ணெய் தடவும் கை எனக்கு வேலைக் கொடுக்கும் கையைவிடப் பெரிதாகத் தெரிகிறது. பள்ளிக்கூடம் போகும் பிள்ளைக்குச் செய்வதை அவள் செய்கிறாள். மகன் திரும்பினானா என்று பாட்டு சொல்வதில்லை.

செருவர் பெண்களை எழுதும்போது எண்ணெயிலிருந்து தொடங்குங்கள். அவர்களும் போருக்குப் போவதாக எழுதுவதானாலும் எனக்கு மறுப்பில்லை. அப்போது வீட்டில் எண்ணெய் தடவி விடுகிறவர் யார் என்பதை முடிவுசெய்ய வேண்டும்.

கேள்வி: படுவான்கரையில் பிறந்து, எல்லாவற்றையும் கண்ணால் கண்டவன் நான். போரைத் தேடிப் போகிற கூட்டத்தின் கதையை இந்த மண்ணிலிருந்து ஒருவர் இன்று எழுதுவது தகுமா? (கொக்கட்டிச்சோலை)

பதில்: ஐயா, தங்கள் கடிதத்தை இரண்டு நாள் மேசையில் வைத்திருந்தேன். மற்றவர்களுக்கு எழுதியதைப் போல விரைவில் விடை எழுத வரவில்லை.

எழுதலாம் என்றே நினைக்கிறேன். ஆனால் நான் மேலே தும்பையைப் புகழ்ந்த அளவோடு நிறுத்தினால் அது பாதி இலக்கணமே ஆகும். அதே புறத்திணையியல் ஏழு திணைகளுள் ஒன்றைக் காஞ்சிக்கு ஒதுக்கியிருக்கிறது. நில்லா உலகத்தைப் பொருந்திய நெறி அது. கணவனை இழந்தவள் காட்டில் தனித்துப் புலம்பும் முதுபாலை, கணவனோடு மனைவியும் மாயும் மூதானந்தம், மனைவியை இழந்தவனின் தபுதார நிலை, கணவனை இழந்தவளின் தாபத நிலை ஆகியவையெல்லாம் அங்கே துறைகளாக நிற்கின்றன. போரை வேட்டவனுக்குப் பூச்சூட்டிய அதே நூல், அவன் வீட்டில் பிறகு நடந்தவற்றையும் ஒவ்வொன்றாகப் பெயரிட்டு வைத்திருக்கிறது. தம்பியின் சுருக்கத்தில் போர் கிடைக்காதவன் திரும்புவதில்லை என்று இருக்கிறது. போர் கிடைத்துத் திரும்பியவன் என்ன ஆனான் என்பதைக் காணவில்லை. அவனுக்கு இரவில் உறக்கம் வந்ததா, கூடப் போனவனின் வீட்டுப் படலையை எப்படித் திறந்தான், அந்தத் தாயிடம் என்ன சொன்னான் என்பதைத் தாங்களும் நானும் வாசிக்கக் காத்திருப்போம்.

போருக்குப் போகிறவர்களை அனுப்பும் சடங்கு எல்லாக் கதைகளிலும் இருக்கிறது. திரும்பியவர்களை ஊருக்குள் எடுக்கும் சடங்கை யாரும் எழுதுவதில்லை. நம்மிடம் அதற்கு மாதிரி உண்டு. வைகாசியில் கண்ணகை அம்மன் கோயில்களில் கதவு திறந்து சடங்கு நடக்கும்போது, நிறைவில் குளிர்த்தி பாடி அம்மனைக் குளிர்விக்கிறோம். வழக்கில் வென்று மதுரையை எரித்தவள் அவள். ஆனாலும் அந்த வெம்மையோடு அவளை இருக்கவிடாமல், பாடிப் பாடி நீர் தெளித்துக் குளிரச் செய்த பிறகே ஊர் நிம்மதியாக உறங்குகிறது. செருவர் மார்புப் புண்ணோடு வரும் இளைஞனை ஊரெல்லைக்கு வெளியே நிறுத்தி, அவனுக்கும் ஒரு குளிர்த்தி பாடட்டும். அது முடியும்வரை அவன் வீட்டுக்குள் போகக் கூடாது, அவனிடம் யாரும் போர்க்கதை கேட்கவும் கூடாது என்று வைக்கட்டும். அந்த அத்தியாயத்தைத் தாங்கள் படித்துப் பார்த்துச் சரி என்றால், தம்பி எழுதியது தகும்.

கேள்வி: முதற்கடிதத்தில் கேட்க மறந்துவிட்டேன். இளைஞர்கள் திரும்பி வந்து சேரும் இடத்துக்கு நல்ல பெயர் ஒன்று வேண்டும். ‘வெற்றிமுனை’, ‘வாகைக்களம்’ என்று இரண்டு வைத்திருக்கிறேன். (மீண்டும் களுவாஞ்சிக்குடி)

பதில்: இரண்டும் வேண்டாம். முற்குகர் என்ற குடியினர் திமிலர் என்ற குடியினரை வெருகல் வரை துரத்திச் சென்ற பழங்கதையைக் கேட்டிருப்பீர்கள். துரத்தியவர்கள் திரும்பும் வழியில் வந்து ஆறிய இடமே வந்தாறுமூலை என்று ஊர்ப்பெயருக்கு விளக்கம் சொல்வார்கள். இதை வரலாறாக எடுத்து யாரோடும் வாதாட வேண்டாம். கதைகாரருக்குக் கதை போதும். அந்தப் பெயரில் வென்றவர் யார், தோற்றவர் யார் என்பதற்கு அடையாளமே இல்லை என்பதைப் பாருங்கள். களைத்தவர் ஆறுவதும், கோபம் ஆறுவதும், புண் ஆறுவதும், சுடுசோறு ஆறுவதும் தமிழில் ஒரே சொல். அந்தச் சொல் உள்ளே இருக்கும்படி ஒரு பெயரை நீங்களே கட்டுங்கள்.

அடுத்த அத்தியாயத்தை அனுப்பும்போது தயவுசெய்து பக்க எண் இடுங்கள். சென்ற முறை தாள்கள் கலைந்துபோய், நாயகன் புறப்படும் முன்பே புண்ணோடு திரும்பிவிட்டான்.